வானம் அளந்த புல்தரை

திருத்தணி முருகன் கோயிலுக்குப் படியேறிச் செல்வோர் 365 படிகளைக் கடக்கின்றனர். ஆண்டின் நாளுக்கொரு படி என்பது வழக்கு. ஆண்டு முடியும் டிசம்பர் 31ஆம் நாளன்று இங்கே படித் திருவிழாவும் நடைபெறுகிறது. இந்தப் படிகளை நேர் மேலிருந்து படம் எடுத்தால் என்ன தெரியும்? கால் வைக்கும் தளம் மட்டுமே தெரியும். ஒவ்வொரு படியும் எழும்பி நிற்கும் உயரம் தெரியாது. அந்தப் படத்தை மட்டும் நம்பி, படிகள் முழுவதற்கும் கல் பதிக்கக் கணக்குப் போடுபவர், நிமிர்ந்து நிற்கும் முகங்களுக்குக் கல் போதாமல் தவிப்பார்.

புல்தரை அமைக்கும் தொழிலில் இன்று இதே தவறு நேர்கிறது. திருமண மண்டபங்கள், தங்கும் விடுதிகள், புதிய வீடுகள் ஆகியவற்றின் முன்னே புல்தரை போடுவது பெருகி வருகிறது. பத்தை பத்தையாக வரும் கொரியன் புல்லுக்கும், அதைப் பதிக்கும் கூலிக்கும் சதுர அடிக் கணக்கில்தான் விலை. முன்பெல்லாம் ஒப்பந்தக்காரர் நேரில் வந்து நாடா பிடித்து அளப்பார். இப்போது பலர் செயற்கைக் கோள் நிலப்படத்தைக் கைப்பேசியில் திறந்து, இடத்தைச் சுற்றிக் கோடு வரைகின்றனர். நொடியில் பரப்பளவு வந்துவிடுகிறது; அதைக் கொண்டே விலையும் சொல்லிவிடுகின்றனர். இந்த முறையை எந்த அளவுக்கு நம்பலாம்?

முதலில் நிறையைச் சொல்வோம். 1988ஆம் ஆண்டு ஏவப்பட்ட நமது ஐ.ஆர்.எஸ்.-1ஏ செயற்கைக் கோளின் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் சுமார் 36 மீட்டர் சதுரம். ஒரு மண்டபத்தின் புல்தரை முழுவதும் அந்த ஒரு புள்ளிக்குள் அடங்கிவிடும். 2019இல் ஏவப்பட்ட கார்ட்டோசாட்-3, கால் மீட்டர் அளவுள்ள பொருளையும் பிரித்துக் காட்டவல்லது. 2005இல் கூகுள் எர்த்தும், 2009இல் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் புவன் தளமும் வந்தபின், இத்தகைய படங்களைப் பார்ப்பது எல்லோருக்கும் எளிதாயிற்று. பத்து ஏக்கர் மைதானத்தை ஒருவர் இருந்த இடத்திலேயே ஏறத்தாழ அளந்துவிடலாம். இது பெரிய வசதி என்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால் பெரிய இடத்தில் பொறுக்கக்கூடிய பிழை, சிறிய இடத்தில் பெரிதாகிவிடும். 60 அடி நீளமும் 48 அடி அகலமும் உள்ள ஓர் இடத்தை எடுத்துக்கொள்வோம். பரப்பு 2,880 சதுர அடி. படத்தில் ஓரம் மங்கலாகத் தெரிவதால், ஒவ்வொரு பக்கத்திலும் ஒன்றரை அடி உள்ளே தள்ளிக் கோடு போட்டுவிட்டால் அளவு 57க்கு 45 ஆகிவிடும். அதாவது 2,565 சதுர அடி. நூற்றுக்குப் பதினொரு பங்கு குறைவு. வெளியே தள்ளிப் போட்டால் 3,213. ஏறத்தாழ அதே அளவு மிகுதி. இதே ஒன்றரை அடிப் பிழை 600 அடிக்கு 480 அடியான மைதானத்தில் நேர்ந்தால், வேறுபாடு நூற்றுக்கு ஒன்றைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது, செயற்கைக் கோள் எப்போதும் நேர் தலைக்கு மேலிருந்து பார்ப்பதில்லை. அதன் பார்வை 20 பாகை சாய்ந்திருந்தால், 30 அடி உயரக் கட்டடத்தின் உச்சி படத்தில் சுமார் 11 அடி நகர்ந்து காணப்படும். கட்டடத்தின் மறுபுறத் தரை மறைந்துபோகும். வேம்பும் புங்கமும் கிளை பரப்பி நிற்கும் இடத்தில், அடியில் இருப்பது புல்லா, சிமெண்டுத் தளமா என்பதும் தெரியாது. வடகிழக்குப் பருவமழைக்குப் பின் எடுத்த படமானால் களையும் பச்சை, புல்லும் பச்சை.

இவற்றையெல்லாம் விட முக்கியமானது சாய்வு. நாம் சொன்ன 60க்கு 48 அடி இடம் மலைச் சரிவில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 48 அடி கிடைமட்டத் தொலைவில் தரை 20 அடி உயர்கிறது. பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றத்தின்படி சரிவின் நீளம் 52 அடி. புல் படரப்போவது இந்த 52 அடி மீதுதான். ஆகவே தேவையான புல் 3,120 சதுர அடி. படமோ 2,880 என்றுதான் சொல்லும். ஓரக் கோட்டில் நேர்ந்த குறைவும் இதனுடன் சேர்ந்தால், ஒப்பந்தக்காரர் 2,565 சதுர அடிக்கு விலை பேசிவிட்டு 3,120 சதுர அடிக்குப் புல் வாங்க நேரிடும். 555 சதுர அடிப் புல்லும் கூலியும் அவர் கையிலிருந்து போகும். பத்தில் ஒரு பங்கு இலாபம் வைத்து வேலை எடுத்தவருக்கு இது நட்டமே. பிழை மறுபக்கமாக நேர்ந்தால், பதிக்காத புல்லுக்கு இடத்தின் சொந்தக்காரர் பணம் கொடுப்பார்.

அப்படியானால் படம் பொய் சொல்கிறதா? இல்லை. அது காட்டுவது கிடைமட்டப் பரப்பு. நில அளவைக்கு வேண்டியதும் அதுவே. 1802இல் லாம்டன் சென்னை பரங்கிமலை அருகே அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்தபோது, சாய்வில் அளந்த நீளங்களைக் கிடைமட்டத்துக்கு மாற்றியே கணக்கிட்டார். பட்டாவில் உள்ள பரப்பும் கிடைமட்டப் பரப்புதான். மழைக் கணக்குக்கும் அதுவே சரி. மேற்சொன்ன சரிவில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால், விழும் நீர் 2,880 சதுர அடிக்கு உரிய 2,676 லிட்டர்தான். சரிவின் நீளம் கூடியதால் மழை கூடிவிடாது. புல்லின் கணக்கு மட்டுமே வேறு. அதே சரிவைப் படிப்படியாக வெட்டித் தளமாக்கினால் புல்லுக்கும் படத்தின் கணக்கே பொருந்தும். ஆனால் தளங்களைத் தாங்கும் கற்சுவர்கள் படத்தில் தோன்றமாட்டா. கருவி ஒரு கேள்விக்குச் சரியான விடை தருகிறது. நாம் அதை வேறொரு கேள்விக்கு விடையாக எடுத்துக்கொள்கிறோம். குறை இங்கேதான் இருக்கிறது.

இந்தக் கருவிகளை உருவாக்கியோர் மீதும் ஒரு குறை சொல்ல வேண்டும். பரப்பளவைக் கடைசி எண் வரை காட்டும்போது, "இது கிடைமட்டப் பரப்பு, இவ்வளவு கூடலாம் குறையலாம்" என்று அருகில் ஒரு வரி சேர்ப்பது கடினமா? 2,883 என்று திரையில் கண்டவர், அந்த 3 வரை உண்மை என்றே நம்புவார்.

நிலப்படத்தை ஒதுக்க வேண்டியதில்லை. முதல் மதிப்பீட்டுக்கு அதைப் பயன்படுத்தலாம். விலைப் பட்டியலில் "நேரில் அளந்தபின் உறுதி செய்யப்படும்" என்று எழுதிவிட வேண்டும். பிறகு இடத்துக்குச் சென்று, நாடாவைத் தரையோடு ஒட்டிச் சரிவின் மேலேயே பிடித்து அளக்க வேண்டும். நான்கு பக்கங்களுடன் ஒரு மூலைவிட்டத்தையும் அளந்தால் இடம் இரண்டு முக்கோணங்களாகும். பரப்பை எவரும் கணக்கிடலாம். சுற்றுச்சுவர் ஒன்றின் நீளத்தைத் தரையிலும் படத்திலும் ஒப்பிட்டால், படம் எவ்வளவு பிசகுகிறது என்பதும் விளங்கும்.

சமவெளியில் பழகிய கணக்கை மலையடிவாரத்துக்குக் கொண்டுவரும் முன் ஒருமுறை படியேறிப் பார்ப்பது நல்லது. வானம் காட்டாத உயரத்தைக் கால்கள் சொல்லிவிடும்.