பதிவது வேவில், வைப்பது ஃபிளாக்கில்

போன பங்குனித் திருவிழாவில் சுவாமி புறப்பாட்டுக்கு வாசித்த மல்லாரியைக் கையடக்க ரெக்கார்டரில் பதிந்தேன். கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமம். நரசிங்கம்பேட்டை ஆச்சா மரத்து நாயனம், இரண்டு தவில், தாளம். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், ஸ்டீரியோ. இந்த அளவில் வேவ் கோப்பு நிமிடத்துக்கு 17 எம்பிக்குச் சற்று மேல் தின்னும். மணிக்கு ஒரு ஜிபி. வீதியுலா விடிய விடிய நடந்தது. என் கருவி 2 ஜிபி ஆனதும் அடுத்த கோப்பைத் தொடங்கிவிடும், தோடி ஆலாபனையின் நடுவாக இருந்தாலும்.

இத்தனையையும் வேவாகவே வைப்பதா, ஃபிளாக்காக மாற்றுவதா? இரண்டு மாதம் இரண்டையும் வைத்துப் புழங்கிப் பார்த்தேன்.

அறுவடை முடிந்த வயலில் உதிரியாகக் கிடக்கும் வைக்கோலை அள்ளினால் ஒரு டிராக்டர் பெட்டி போதாது. மெஷின் வைத்துக் கட்டாகக் கட்டினால் அதே வைக்கோல் பாதி இடத்தில் அடங்கும். கட்டை அவிழ்த்தால் ஒரு தாளும் குறையாது. வேவ் உதிரி வைக்கோல், ஃபிளாக் கட்டு. முந்தைய ஒலி அளவுகளை வைத்து அடுத்தது என்னவாக இருக்கும் என்று ஃபிளாக் கணிக்கிறது. கணிப்புக்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எழுதி வைக்கிறது. எம்பி3 அப்படியல்ல. காதுக்குத் தெரியாது என்று அது நினைப்பதை வீசிவிடும், வீசியது திரும்பாது.

ஒரு மணி நேர மல்லாரிக் கோப்பு ஃபிளாக்கில் சுமார் 650 எம்பிக்கு வந்தது. தனி வீணை இதைவிட நன்றாகச் சுருங்கியது. பழைய கேசட்டிலிருந்து எடுத்தவை அவ்வளவு சுருங்கவில்லை, ஏனென்றால் நாடாவின் இரைச்சலைக் கணிக்க முடியாது. டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) ஸ்டீரியோ இசைத்தட்டு கடைக்கு வருமுன்பே மறைந்தவர். அவருடைய தட்டுகள் எல்லாம் ஒற்றைத் தடம். அப்படிப்பட்ட பதிவு சிடியில் ஒரே ஒலியாக இரு தடத்திலும் இருந்தால், வேவ் இரண்டையும் முழுசாகச் சுமக்கும். ஃபிளாக் ஒன்றை எழுதி, மற்றதில் வித்தியாசம் இல்லை என்று குறித்துக்கொள்ளும்.

கேட்பதில் என்ன வேறுபாடு? எங்கள் தெருத் தவில்கார அண்ணனை உட்காரவைத்து, ஒயர் உள்ள ஹெட்ஃபோனை மாட்டினேன். அவர் மகன் எதைப் போடுகிறான் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. பத்து முறை மாற்றிப் போட்டும் வேவையும் ஃபிளாக்கையும் அவரால் பிரிக்க முடியவில்லை. 128 கேபிபிஎஸ் எம்பி3 வந்ததும் கையை உயர்த்தினார்: “இதுல தாளம் தகரம் மாதிரி கேக்குது தம்பி.” தவில் கழியின் அடி அவருக்குச் சரியாகவே இருந்தது, வெண்கலத்தின் ரீங்காரம்தான் காட்டிக்கொடுத்தது. புளூடூத்தில் கேட்பவர்களுக்கு ஒரு சொல்: பெரும்பாலான ஹெட்ஃபோன்களுக்குப் போகும் வழியிலேயே ஒலி மறுபடி நசுக்கப்படுகிறது. அங்கே இந்த ஒப்பீட்டுக்கே வேலையில்லை.

காதை மட்டும் நம்பாமல், ஃபிளாக்கைத் திரும்ப வேவாக்கி, ஒன்றைத் தலைகீழாக்கி மூலத்தோடு கூட்டிப் பார்த்தேன். திரையில் நேர்கோடு, முழு மௌனம். சுருக்கும் நிலையை 0 வைத்தாலும் 8 வைத்தாலும் ஒலி இதேதான். அளவும் சுருக்கும் நேரமும்தான் மாறும்.

வேவ் என்னைக் கைவிட்டது வேறு இடத்தில். பழைய ஹார்டு டிஸ்கில் இருந்த ஒரு வேவ் கோப்பில் எப்போதோ பழுது விழுந்திருக்கிறது. மாதங்கள் கழித்துக் கேட்கும்போது நடுவில் ‘படார்’ என்று வெடித்த பிறகுதான் தெரிந்தது. ஃபிளாக்கில் ஒவ்வொரு துண்டுக்கும் சரிபார்ப்பு எண் உண்டு, மொத்த ஒலிக்கும் எம்டி5 முத்திரை உண்டு. சோதனைக் கட்டளை கொடுத்தால் கெட்ட கோப்பு எது என்று சொல்லிவிடும். ஆனால் தனக்குள் வந்த ஒலியை நஷ்டமில்லாமல் வைத்திருப்பதற்குத்தான் ஃபிளாக் சாட்சி; அந்த ஒலி முன்பே நசுங்கியதா என்று சொல்லாது. எனக்கு ஒருவர் பென்டிரைவில் விற்ற ‘ஃபிளாக்’ பாடல்கள் எம்பி3யிலிருந்து மாற்றியவை. அதிர்வெண் படத்தில் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றுமே இல்லை.

அடுத்தது பெயர். 1991-இல் மைக்ரோசாஃப்டும் ஐபிஎம்மும் கொண்டுவந்த வேவில் ராகம், கலைஞர் பெயர் சேர்க்க வழி இருக்கிறது; எந்த ஆப் படிக்கும் என்று சொல்வதற்கில்லை. நான் தமிழில் எழுதியது கேள்விக்குறிகளாகத் திரும்பி வந்தது. 2001-இல் முதல் பதிப்பு வெளியான ஃபிளாக்கின் குறிப்புகள் யூனிகோடில் இருப்பதால் ‘கம்பீரநாட்டை’ அப்படியே நிற்கிறது. நம் கோயில் வாசிப்புகளில் யார், எந்த ஊர், எந்த வருஷம் என்பது எங்கும் அச்சாவதில்லை. கோப்பில் எழுதாவிட்டால் போனதுதான்.

ஆகவே பதிவதும் வெட்டி ஒட்டுவதும் வேவில். வேலை முடிந்ததும் ஃபிளாக், இரண்டு டிஸ்கில். ஆப்பிள் மியூசிக் ஆப்பிலேயே சேர்க்க விரும்புபவர்கள் ஆப்பிளின் சொந்த வடிவமான அலாக்காக (ALAC) மாற்றிக்கொள்ளலாம், அதிலும் இழப்பில்லை. காரில் இருக்கும் என் பழைய பிளேயர் ஃபிளாக்கைப் படிக்காது. அதற்கு மட்டும் எம்பி3 நகல்.

மல்லாரிக் கோப்பில் பெயர்களைத் தட்டிக்கொண்டிருந்தபோது அண்ணன் திரையை எட்டிப் பார்த்தார். நாயனம் வாசித்தவர்கள், தவில்காரர்கள் எல்லாரும் இருந்தார்கள்.

“தாளம் போட்ட பையன் பேரையும் போட்டுடு தம்பி.”