மிஸ்டர் பார்ட்ரிட்ஜ் ஏன் விற்கவில்லை?

பங்குச்சந்தையில் இறங்கும் இளைஞர்களுக்கு அடிக்கடி சிபாரிசு செய்யப்படும் புத்தகம் எட்வின் லெஃபெவ்ர் எழுதிய ‘ரெமினிசென்சஸ் ஆஃப் எ ஸ்டாக் ஆபரேட்டர்’. 1923இல் வந்தது. ஜெஸ்ஸி லிவர்மோர் என்கிற நிஜமான ஊக வணிகரின் வாழ்க்கையை, லாரி லிவிங்ஸ்டன் என்ற பெயரில், தன்மையில் சொல்லும் நாவல். டிரேடிங் பழகுகிறவர்கள் இதைக் கையேடாகப் படிக்கிறார்கள். நாவலாகப் படித்தால் உள்ளே வேறொரு புத்தகம் இருக்கிறது என்பது என் எண்ணம்.

லிவிங்ஸ்டன் புரோக்கர் ஆபீஸ் பலகையில் விலை எழுதும் பையனாகத் தொடங்குகிறான். 1907 பீதியில் சந்தை விழும் என்று கணித்துப் பெரும்பணம் பார்க்கிறான். பிறகு பருத்தியில் விட்டுவிடுகிறான். பக்கங்கள் பறக்கின்றன. ஆனால் மனதில் தங்குவது பார்ட்ரிட்ஜ் என்கிற கிழவர். இப்போது வித்துடுங்க, இறங்கினதும் திரும்ப வாங்கிக்கலாம் என்று யாரோ சொல்ல, அவர் மறுத்துவிடுகிறார். ஏறுகிற சந்தையில் விற்றால் தன் இடம் போய்விடும் என்பதுதான் அவர் காரணம். தனக்குப் பெரிய லாபம் தந்தது மூளை இல்லை, பொறுத்து உட்கார்ந்திருந்ததுதான் என்ற முடிவுக்கு லிவிங்ஸ்டனும் வருகிறான். நேரம் பார்த்து அடிப்பவர்களின் வேதப் புத்தகம், அதன் மையத்தில், சும்மா இருப்பதைப் புகழ்கிறது! ஆனால் ஏறுமுகம் முடிந்துவிட்டதைக் கிழவர் எப்படித் தெரிந்துகொள்வார்? அதை நாவல் காட்டுவதில்லை.

நாவலின் பெரிய சிக்கல், அது முடியும் இடம். 1923இல் லிவர்மோர் ஜெயித்தவர். அதனால் கதைசொல்லியின் குரலில் அவ்வளவு நிதானம். 1929 சரிவிலும் அவர் பெரும்பணம் பண்ணினார். 1934இல் திவாலானார். 1940இல் தற்கொலை செய்துகொண்டார். இதில் எந்த வருடத்தில் புத்தகத்தை மூடுகிறோமோ அதற்கேற்ப நீதி மாறுகிறது.

எதிர்த்தரப்புக்கும் புத்தகம் உண்டு. பர்டன் மால்கியலின் ‘எ ராண்டம் வாக் டவுன் வால் ஸ்ட்ரீட்’, 1973. சந்தையை முந்தப் பார்க்காதே, மொத்தச் சந்தையையும் குறைந்த செலவில் வாங்கி வைத்திரு என்கிறது. 1976இல் ஜான் போகல் சாமானியர்களுக்கான இண்டெக்ஸ் ஃபண்டைத் தொடங்கி அதை நடைமுறையாக்கினார். வாதமாக இது வலுவானது. கதையாக ஒன்றுமில்லை. முப்பது வருடம் எதையும் செய்யாதவனை வைத்து எப்படி நாவல் எழுதுவது? டிரேடர்களின் கதைகள் நம்மிடையே அதிகம் புழங்குவதற்கு அவர்கள் அதிகம் ஜெயித்தது காரணமில்லை. அவர்கள் வாழ்வில் திருப்பங்கள் இருக்கின்றன, அவ்வளவுதான்.

ஆனால் ‘நீண்டகாலம்’ என்பதும் ஒரு கதைதான். ஜப்பானின் நிக்கேய் குறியீடு 1989 டிசம்பர் 29 அன்று 38,915இல் முடிந்தது. 2009 மார்ச்சில் ஏறக்குறைய 7,000. பழைய உச்சத்தைத் தாண்ட 2024 பிப்ரவரி ஆனது: முப்பத்து நான்கு வருடம். மாதாமாதம் சிறுகச் சிறுக வாங்கியவரின் கணக்கு இவ்வளவு மோசமில்லை, டிவிடெண்டையும் சேர்க்க வேண்டும். ஆனால் 1989இல் மொத்தப் பணத்தையும் போட்டு 2009இல் ஓய்வு பெற்றவரிடம் பொறுமையைப் பற்றி என்ன பேசுவது? மென்பொருள் வேலையில் இது எனக்குப் பழக்கமான விஷயம். டெஸ்ட் டேட்டாவை நாமே பொறுக்கினால் எந்த நிரலும் பாஸ் ஆகிவிடும்.

நான் மால்கியல் பக்கம்தான். சரியான நேரத்தில் வெளியேறுவது ஒரு கணிப்பு, மறுபடி உள்ளே வருவது இன்னொரு கணிப்பு. இரண்டும் பலிக்க வேண்டும். ஆனால் அந்தப் பக்கத்து எழுத்தில் ஒரு விஷயம் அழுத்தமாக வர வேண்டும் என்று நினைக்கிறேன். நம் கடைசி அத்தியாயத்தின் தேதியைச் சந்தை தீர்மானிப்பதில்லை. மகளின் காலேஜ் ஃபீஸ், அப்பாவின் ஆபரேஷன், போய்விட்ட வேலை ஆகியவை தீர்மானிக்கின்றன. அந்தப் பணத்தைத் தனியாக எடுத்து வைத்தவரால்தான் மிச்சத்தின் மேல் உட்கார முடியும். பார்ட்ரிட்ஜுக்கு நாளைக்கே பணம் தேவைப்பட்டதாக நாவலில் எங்கும் இல்லை.