இளிவரலும் மருத்துவக் கல்வியும்: அரங்கப் பயிற்சி பற்றிய ஓர் ஆய்வு

நோயுற்றவன், மருத்துவன், மருந்து, உடனிருந்து பேணுவோன் என நால்வகை உறுப்புக்களை உடையது மருத்துவம் என்பது வள்ளுவர் கொள்கை. அவற்றுள் நோயுற்றவனை முதற்கண் நிறுத்திய அடைவு கருதத்தக்கது. இற்றை மருத்துவக் கல்லூரிகளில் உடற்கூறும் மருந்தியலும் விரிவாகக் கற்பிக்கப்பெறுகின்றன. நோயுற்றவனைக் காணும் முறை அத்துணை விரிவாகக் கற்பிக்கப்பெறுகின்றது என்றல் இயலாது. அக்குறையை நிறைத்தற்பொருட்டு நாடக இயக்குநரும் ஆடலமைப்போரும் மருத்துவ வகுப்பறைக்குள் அழைக்கப்பெறுகின்றனர். அம்முயற்சியைத் தொல்காப்பியர் வகுத்த மெய்ப்பாட்டுக் கொள்கையை உரைகல்லாகக் கொண்டு மதிப்பிடுதல் இக்கட்டுரையின் நோக்கம். காரைக்காலை இதற்கு நிலைக்களனாகக் கொண்டோம். அதன் பொருத்தம் போகப் போக விளங்கும்.

அரங்கு மருத்துவக் கல்வியினுட் புகுந்த வழிகளுள் சிறந்தன இரண்டு. அவற்றுள் ஒன்று, நரம்பியல் மருத்துவர் ஹோவர்டு பாரோஸ் 1963இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் தொடங்கியது. நலமுடைய ஒருவரை நோயாளராக நடிக்கப் பயிற்றி, மாணவர் அவரை ஆராயுமாறு செய்தார் அவர். 1975இல் டண்டி நகரில் ரொனால்டு ஹார்டன் புதியதொரு செய்முறைத் தேர்வை வகுத்தார். மாணவர் நிலையம் நிலையமாகச் சென்று தம் திறங்காட்டும் அத்தேர்விலும் இத்தகைய நடிகர் பின்னர் இடம் பெற்றனர். மற்றொன்று, பிரேசில் நாட்டு நாடக இயக்குநர் அகஸ்தோ போவால் (1931–2009) வகுத்த ‘ஒடுக்கப்பட்டோர் அரங்கு’. அதன் கொள்கையை விளக்கும் நூலை அவர் 1974இல் வெளியிட்டார். காண்போன் எழுந்து காட்சியை நிறுத்தி, தானே பாத்திரமாகி, வேறொரு வழியை ஆடிக்காட்டுதல் அதன் உயிர்நிலை. நம் நாட்டில், தில்லியிலுள்ள மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகக் கல்லூரியில் 2011இல் இவ்வரங்கப் பயிற்சி நடைபெற்றது. பெங்களூரைச் சார்ந்த அரங்கப் பயிற்சியாளர் ராதா ராமசாமி அதனை நடத்தினார். 2018இல் இந்திய மருத்துவக் கழகம் மனப்பாங்கு, அறநெறி, உரையாடல் என்பவற்றுக்குத் தனிப்பாடம் வகுத்து, 2019இல் சேர்ந்த மாணவர் முதலாக நடைமுறைக்குக் கொணர்ந்தது. ஆகலின் இனி இவ்வினா ஒருசிலர் விருப்பம் பற்றியதன்று, கல்வித்திட்டம் பற்றியது.

இவ்விரு வழிகளின் நன்மையை யாம் மறுக்கவில்லை. பிழைபட்ட சொல்லால் ஊறுபடுவார் நோயாளர் அல்லர், நடிகரே என்பது முதல்வழியின் நன்மை. மூத்த மருத்துவர்முன் வாய்திறக்கவியலா இளமாணவன் தன் இடர்ப்பாட்டையும் மேடையேற்றிக் காண்பது இரண்டாவதன் நன்மை. எனினும் ஐயம் ஒன்று எழுகின்றது. நிலையத் தேர்வில் ‘கனிவு காட்டினாரா’ என்பது மதிப்பெண் பெறும் ஒரு கூறாக நிற்கும்போது, மாணவன் கற்பது கனிவையா, கனிவின் நடிப்பையா?

மெய்ப்பாட்டியல் ஈண்டு நமக்கு ஒளி தருகின்றது. எண்வகை மெய்ப்பாட்டுள் இளிவரலும் ஒன்று. அது தோன்றும் நிலைக்களங்களாகத் தொல்காப்பியர் கூறுவன மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்னும் நான்கு. மருத்துவமனையின் படுக்கைதோறும் காணப்படுவன இவையே அல்லவோ? இவை தன்கண் தோன்றினும் பிறன்கண் தோன்றினும் மெய்ப்பாடு பிறக்கும் என்பர் உரையாசிரியர். பிணியுற்றான் தன் உடல்நிலை கண்டு தான் இளிவரல் எய்துகின்றான். அவனைக் காணும் இளமருத்துவனும் எய்துகின்றான். இருவரிடத்தும் எழும் இவ்வுணர்வை மறைத்து, முகத்தில் இன்சொல்லின் சாயலை ஏற்றுதல் பயிற்சியாகாது. அதனை உள்ளவாறு அறிந்து கடத்தலே பயிற்சி. கண்ணாலும் செவியாலும் உறுதியாக உணரவல்லார்க்கன்றிப் பிறர்க்கு மெய்ப்பாட்டின் பொருள் எளிதிற் புலப்படாது என அவ்வியலின் இறுதியில் ஆசிரியர் கூறுதல், நாடகம் காண்பார்க்கேயன்றி நோயாளரைக் காண்பார்க்கும் பொருந்தும். நடிப்பதற்குமுன் காணக் கற்றல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

மற்றோர் இடரும் உண்டு. நகைக்குரிய நிலைக்களங்களுள் எள்ளலும் பேதைமையும் அடங்கும். மாணவர் தாமே காட்சி புனைந்து, எழுத்தறியா உழவனாகவோ மீனவப் பெண்ணாகவோ நடிக்குமிடத்து, அவர்தம் வழக்குச்சொல்லும் அறியாமையும் அவையோர்க்கு நகைப்பொருளாய் விடுதல் கூடும். இளிவரலை நீக்கவந்த அரங்கு எள்ளலை விளைக்குமாயின், நோயாளர் இருமுறை இழிவுபட்டவராவர்.

காரைக்காலில் இதனை எண்ணிப்பார்த்தல் தகும். புதுச்சேரி ஜிப்மரின் மருத்துவக் கல்லூரி ஒன்று அங்கு 2016 முதல் நடைபெற்று வருகின்றது. அனைத்திந்தியத் தேர்வின் வழி மாணவர் சேர்க்கப்பெறுதலின் தமிழறியா மாணவரும் அங்குப் பயில்வர். அரசலாற்றுப் பாய்ச்சலில் நடவு செய்வாரும், கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி போன்ற குப்பங்களின் கடல்தொழிலாளரும் தம் நோயைத் தமிழிற் கூறுவர். சொல் முழுதும் எட்டாதவிடத்து மெய்யே மொழியாகின்றது. அதனைப் படிக்கத் தெரியாத மாணவனுக்கு மனனஞ்செய்த இன்சொற்றொடர் எவ்வாற்றானும் உதவாது.

அவ்வூராற் பெயர் பெற்ற அம்மையாரின் வரலாறோ, காணுதல் பற்றிய வரலாறாகவே அமைந்துள்ளது. மாங்கனி அற்புதங் கண்ட பரமதத்தன் மனைவியைத் தெய்வமாகக் கண்டு அஞ்சி நீங்கினான். தசை நீங்கிய பேயுருவைக் கண்ட மக்கள் வெருவி ஓடினர். இறைவன் ஒருவனே அவ்வுருவை ‘அம்மை’ என அழைத்தான். யாவரும் அகன்ற உடலைத் தாயின் உடலாகக் கண்ட அக்காட்சியைச் சேக்கிழார் பாடினார். அம்மையாரும் தம் மூத்த திருப்பதிகத்தில் பேய்மகளின் வற்றிய மார்பையும் புடைத்த நரம்பையும் குழிந்த வயிற்றையும் கணைக்காலையும் உறுப்பு உறுப்பாகக் காட்டுகின்றார். ஆங்கு அருவருப்பும் இல்லை. இரக்கச் சொல்லும் இல்லை. கண் அகலாது நிற்றல் ஒன்றே உளது. சமயப் பொருளாக அன்றி இலக்கியமாகக் கொள்ளினும், இளிவரலைக் கடந்த காட்சிக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு யாம் அறியேம்.

நடித்தல் நாளடைவில் இயல்பாகும். ஆகலின் புறத்தே காட்டும் கனிவும் பயனுடைத்தே என்பார் உளர். வன்சொல்லினும் பயின்ற இன்சொல் நன்று என்பதை யாமும் உடன்படுகின்றோம். ஆயின் நோயாளரின் அச்சத்தைக் காணாதவன் அவ்வின்சொல்லை எப்பொழுது கூறுவது என்பதை அறியான். காலமறியாது கூறிய இன்சொல் கேட்பார்க்கு ஏளனமாகவே படும்.

எனவே காரைக்கால் போன்ற இடத்து அமையும் அரங்கப் பயிற்சிக்கு மூன்று நெறிகளைக் கூறலாம். முதலாவது, மாணவர் உரையாடல் புனைவதற்குமுன், நோயாளர் இசைவுடன், அவர் நடக்கும், அமரும், மூச்சுவாங்கும் முறைகளைப் பன்னாள் வாளா நோக்குதல் வேண்டும். இரண்டாவது, அவ்வசைவுகளை ஆடலமைப்போர் துணையால், சொல்லின்றித் தம் உடலில் ஏற்றுப் பார்த்தல் வேண்டும். வளைந்த முதுகின் நோவை வளைந்து பார்த்தவன் எள்ளான். மூன்றாவது, காட்சியை நிறுத்தும் உரிமை மாணவர்க்கேயன்றி நோயுற்றுத் தேறியோர்க்கும் உற்றார்க்கும் அளிக்கப்பெறுதல் வேண்டும். இஃது அவ்வூரார்க்குப் புதுமையன்று. ஆனித் திங்கள் மாங்கனித் திருவிழாவில் அம்மையாரின் வரலாறு தெருவில் நிகழ்த்தப்பெறுங்கால், மாடங்களினின்று கனியிறைப்போரும் அதனை ஏந்துவோரும் வெறுங் காண்போராய் நிற்பதில்லை. தாமும் நிகழ்ச்சியின் உறுப்பாகின்றனர். போவால் வேண்டிய அவையினர் அங்கு முன்னரே உளர்.

மருத்துவனுக்கு அரங்கு அளிக்கவல்லது முகப்பூச்சன்று, கண். கனிவு நடிப்பைத் தேர்ந்து மதிப்பெண் வழங்குவதோடு அமையாது, நோயாளர் உடலைக் கண் அகலாது காணும் ஆற்றலை வளர்க்கும் அரங்கே மருத்துவக் கல்விக்கு உரியது என்பது எம் துணிபு. அதற்கு வேண்டிய இலக்கணம் மெய்ப்பாட்டியலில் உளது. அதனை மருத்துவ ஆசிரியர்க்கு எடுத்துரைத்தல் தமிழாய்வார் கடன்.