பழம் மூச்சு விடும், பெட்டி விடுமா?

2018-ல் தென்கொரியாவின் இ-மார்ட் பேரங்காடி ஒரு வாழைப்பழ பாக்கெட்டை விற்பனைக்கு வைத்தது. பேரு 'ஹாரு ஹானா'. ஒரு நாளைக்கு ஒன்று என்று அர்த்தம். உள்ளே பழங்கள் வரிசையாகக் கிடக்கும். ஒரு முனையில் நல்ல மஞ்சள், போகப்போகப் பச்சை. இன்னிக்கு மஞ்சள், நாளைக்கு அதற்குப் பக்கத்தில் இருப்பது, அப்படியே வாரம் ஓடும். "அசத்தலான பழ பேக்கேஜிங்" என்று எந்தப் பட்டியலைத் திறந்தாலும் இந்தப் படம் இருக்கிறது.

என்னுடைய சேமிப்பிலும் இருந்தது. அப்படிச் சேர்த்து வைத்த படங்களை நம்பி ஒரு தப்பு செய்தேன், அதை முதலில் சொல்லிடறேன்.

ஆயக்குடிப் பக்கம் என் சித்தப்பா மகனுக்குக் கொய்யாத் தோப்பு. வியாபாரிக்குக் கொடுக்காமல் நேரடியாக வீடுகளுக்கு அனுப்பலாம் என்று ஆசைப்பட்டான். "அண்ணே, பாக்க அம்சமா ஒரு பெட்டி சொல்லுங்க" என்றான். நான் காட்டிய படத்தைப் பார்த்து, மேலே கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் ஜன்னல் வைத்த, நான்கு பக்கமும் மூடிய அட்டைப் பெட்டி 500 அடித்தான். போட்டோவில் பிரமாதம். ஆனால் போன இடத்திலெல்லாம் ஜன்னலுக்குள் வியர்த்து, பழம் பிசுபிசுத்து, காம்புப் பக்கம் பூஞ்சை பிடித்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

அதற்கப்புறம்தான் படிக்க ஆரம்பித்தேன். பறித்த பழம் செத்த பொருள் இல்லை. ஆக்சிஜனை இழுத்து, கரியமில வாயுவையும் நீராவியையும் சூட்டையும் விட்டுக்கொண்டே இருக்கிறது. கொய்யா, வாழை, மாம்பழம் எல்லாம் பழுக்கும்போது எத்திலீன் வாயுவையும் விடும். அதனால்தான் அட்டைப் பெட்டியின் பக்கங்களில் சுமார் 5 சதவீதமாவது காற்றோட்டத் துளை வேண்டும் என்று அறுவடைக்குப் பிந்தைய தொழில்நுட்பக்காரர்கள் சொல்கிறார்கள். துளை கூடினால் பெட்டி நசுங்கும், குறைந்தால் பழம் புழுங்கும். இந்த இழுபறிதான் வடிவமைப்பு. மேலே அச்சடிக்கும் படம் அப்புறம்.

இப்போ 'ஹாரு ஹானா'வுக்குத் திரும்புவோம். மஞ்சள் பழம் விடுகிற எத்திலீன் பக்கத்துப் பச்சையைச் சும்மா விடாது. ஒரே உறையில் அடைத்தால் கடைசிப் பழம் தன் முறை வரும்வரை காத்திருக்குமா? அறையின் சூடு வேறு இருக்கிறது. நாம் பகிர்ந்த படம் முதல் நாளில் எடுத்தது. நான்காம் நாள் படத்தை யாரும் பகிரவில்லை, நானும் தேடவில்லை. போதாக்குறைக்கு, சொந்தத் தோலோடு வரும் பழத்துக்கு மேல் ஒரு பிளாஸ்டிக்.

ஆனாலும் இந்த பாக்கெட்டை என்னால் ஒதுக்க முடியவில்லை. மற்ற பெட்டிகள் எல்லாம் பழம் எப்படி இருக்கிறது என்று காட்டப் பார்க்கின்றன. இது பழம் எப்போது என்று காட்டுகிறது. ஆறு பழமும் ஒரே நாளில் கறுத்துப்போய்க் குப்பைக்குப் போவது எல்லா வீட்டிலும் நடப்பதுதானே. நம்ம ஊர்ப் பழக்கடைக்காரர் "இன்னிக்கா, நாளைக்கா?" என்று கேட்டுவிட்டுப் பொறுக்கிப் போடுவாரே, அந்தக் கேள்வியை வாய் பேசாத பேரங்காடி அலமாரியில் வைத்திருக்கிறார்கள். பெட்டிக்கடையில் தொங்கும் தாரும் இதே வேலையைச் செய்கிறது: மேல் சீப்பு முதலில் பழுக்கும், கீழ்ச் சீப்பு பின்னால் வரும்.

தாய்லாந்தின் சியாங் மாயில் ரிம்பிங் என்ற அங்காடி 2019-ல் காய்கறிகளை வாழை இலையில் சுற்றி மூங்கில் நாரால் கட்டி வைத்தது. இதுவும் உலகமெல்லாம் சுற்றிய படம். "எங்க பூக்காரம்மா இதைத்தான் தினமும் செய்யறாங்க" என்று நம்மவர்கள் சிரித்தார்கள். நியாயம்தான். ஆனால் படத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பல கட்டுகளில் இலை முழுசாக மூடவில்லை, இடுப்பில் ஒட்டியாணம் மாதிரி நடுவில் மட்டும் சுற்றியிருக்கிறது. இரண்டு பக்கமும் திறப்பு. காய் தெரிகிறது, காற்றும் போகிறது. என் பெட்டியின் ஜன்னல் செய்ய நினைத்த வேலையை இந்தத் திறப்பு செய்துவிட்டது. குறையும் உண்டு. வீட்டில் வெண்டைக்காயை அப்படிக் கட்டி ஃப்ரிட்ஜில் வைத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் இலை ஓரம் கறுத்து முடிச்சு தளர்ந்தது. அன்றன்றைக்கு விற்றுத் தீரும் கடைக்குச் சரி. இரண்டு நாள் லாரியில் போகும் சரக்குக்கு இது ஆகாது.

2016-ல் அமெரிக்காவில் ஹோல் ஃபுட்ஸ் கடை, உரித்த ஆரஞ்சைப் பிளாஸ்டிக் டப்பாவில் விற்று இணையத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டு உடனே எடுத்துவிட்டது. அப்போது நானும் சிரித்தேன். கை மூட்டுவலிக்காரர்களும் மாற்றுத்திறனாளிகளும், எங்களுக்கு அது உதவியாக இருந்தது என்று சொன்னதைப் பிறகுதான் படித்தேன். இத்தாலிய வடிவமைப்பாளர் புரூனோ முனாரி 1963-ல் வந்த தன் சின்னப் புத்தகத்தில் ஆரஞ்சையே ஒரு தொழிற்சாலைப் பொருளாகப் பாவித்து அதன் தோலையும் சுளைகளையும் உறையாக விவரிக்கிறார். குறும்பான, அழகான புத்தகம். ஆனால் அந்த உறையைத் திறக்கவும் விரல்களில் பலம் வேண்டும் என்பது எனக்கு இந்தச் சண்டைக்கு முன்னால் தோன்றியதே இல்லை.

தம்பி இப்போது துளை போட்ட சாதா அட்டைப் பெட்டியில் அனுப்புகிறான். உள்ளே செய்தித்தாள், மேலே இரண்டு கொய்யா இலை. ஆர்டர் எடுக்கும்போதே "எப்ப சாப்பிடுவீங்க?" என்று கேட்டு, காயாகவோ பழமாகவோ பிரித்து வைக்கிறான். மிஞ்சிய ஜன்னல் பெட்டிகள் அவன் வீட்டுப் பரணில் இருக்கின்றன. போன பொங்கலுக்குப் போனபோது ஒன்றில் சித்தி தையல் சாமான் வைத்திருந்தார்.