காற்றில் எழுந்த குவிமாடம்

திறந்தவெளிக் கலைவிழாக்களில் குடும்பத்தினர்க்கென வைக்கப்படும் படைப்புகள் பெரும்பாலும் இரு வகையில் அடங்கிவிடுகின்றன. பொத்தானை அழுத்தினால் விளக்கெரியும், கைதட்டினால் ஓசையெழும் என்பது ஒன்று; அது பொருட்காட்சி வேடிக்கையின் புதுச்சட்டை. கயிறு கட்டி எட்ட நிற்கவைத்துவிட்டுப் 'பங்கேற்பு' என்று பெயர் சூட்டிக்கொள்வது மற்றொன்று. இரண்டிலும் சேராத ஒரு படைப்பைக் குறித்தே இங்கு எழுதப் புகுந்தேன். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரில் ஆலன் பார்க்கின்சன் 1992ஆம் ஆண்டில் தோற்றுவித்த 'ஆர்க்கிடெக்ட்ஸ் ஆஃப் ஏர்' குழுவினர் நாடு நாடாகக் கொண்டுசென்று எழுப்பும் 'லூமினேரியம்' என்னும் ஒளிக்கூடமே அது.

நம் வாசகர்கள் இதனை அறிய வேண்டியதற்குத் தனிக்காரணம் ஒன்றுண்டு. இயற்கையின் வடிவங்களோடும் வடிவகணிதத்தோடும் இஸ்லாமியக் கட்டிடக்கலையையும் தமக்குத் தூண்டுகோலாக அமைந்ததென்று பார்க்கின்சன் ஒளிவுமறைவின்றிக் கூறிவருகிறார். ஐரோப்பியக் கலைஞர் பலர் வாய்திறவாமல் வாங்கிய கடனை இவர் வாய்விட்டுச் சொல்கிறார்; அது பாராட்டுக்குரியது. ஆயினும் அவர் எதை வாங்கினார், எதை விட்டார் என்று எடைபோட்டுப் பார்க்கும் உரிமை நமக்கும் உண்டன்றோ?

முதலில் பொருளைப் பார்ப்போம். மெல்லிய பிளாஸ்டிக் விரிப்பை வெட்டி ஒட்டி உருவாக்கிய ஏறக்குறைய இருபது பகுதிகளைத் திடலில் விரித்து, ஜிப் வைத்து ஒன்றோடொன்று பிணைக்கிறார்கள். மின்விசிறிகள் இடைவிடாது காற்றைச் செலுத்த, சுமார் 1000 சதுர மீட்டர் பரப்பில் குவிமாடங்களும் அவற்றை இணைக்கும் சுரங்கவழிகளும் எழுந்து நிற்கின்றன. தூணில்லை, உத்தரமில்லை. பயன்படும் நிறங்கள் நான்கே. உள்ளே ஒரு விளக்கும் கிடையாது. பகலொளி பிளாஸ்டிக்கின் ஊடே வடிந்து இறங்கி, ஒரு சுவரின் சிவப்பு மற்றொரு சுவரின் நீலத்தில் தோய்ந்து, பெயர் சொல்ல இயலாத நிறங்களை ஈன்றுகொண்டிருக்கிறது. மேகம் ஒன்று கதிரவனைக் கடக்கும்போது கூடம் முழுவதும் ஒரு கணம் மங்கிப் பிறகு மலர்கிறது. நான் கண்ட அன்று, அந்த மங்கலைக் கண்டு முதலில் பேச்சை நிறுத்தியவர்கள் குழந்தைகளே. பெரியவர்கள் அதன் பின்னரே நிமிர்ந்து பார்த்தனர்.

நுழைவாயிலில் காலணிகளைக் கழற்றிவிட வேண்டும். தரையைக் காப்பதற்கான ஏற்பாடுதான். ஆயினும் அந்த ஒரு செயலால் நடையின் வேகமே மாறிவிடுகிறது. பள்ளிவாசல் படியில் பாதரட்சையை விட்டுச் செல்லும் பழக்கமுள்ள நமக்கு இது புதிதன்று. காலணியோடே எங்கும் நுழைந்து பழகிய மக்கள், வெறுங்காலுடன் நிற்கும்போது சற்றே தயங்கிக் குரல் தாழ்த்துவதைக் காண வியப்பாயிருக்கிறது. எதையும் அழுத்தச் சொல்லாமல், எதையும் செய்யச் சொல்லாமல், வந்தவரைப் பங்காளியாக்கிவிடும் திறம் இதுதான். தவழும் குழந்தையும், சக்கர நாற்காலியில் வரும் பாட்டியும் ஒரே ஒளியில் நனைகிறார்கள். சுவரின் குழிவுகளில் சாய்ந்து கிடக்கிறார்கள்.

இனிக் கடனைப் பற்றி. இஸ்பஹான் நகரில் முதலாம் ஷா அப்பாஸ் காலத்தில் எழுந்து 1619ஆம் ஆண்டில் நிறைவுற்ற ஷைகு லுத்புல்லாஹ் பள்ளிவாசலை எண்ணிப் பார்ப்போம். அங்கே சதுர அறையின் மீது வட்டக் குவிமாடத்தை அமர்த்த வேண்டியிருந்தது. மூலைகளில் எழுந்த வளைவுகள் சதுரத்தை எண்கோணமாக்கி, எண்கோணத்தை வட்டத்தோடு இசைவித்து, மேலிருந்து இறங்கும் செங்கல்லின் பாரத்தைத் தாங்குகின்றன. அவ்வழகு பாரத்தோடு போராடிப் பெற்ற அழகு. ஒளிக்கூடத்திலோ பாரமே இல்லை. மேலே தூக்குவது உள்ளிருக்கும் காற்று. எனவே குவிமாடம் அங்கே ஒரு தீர்வாக இல்லாமல் தோற்றமாக மட்டும் நிற்கிறது. இதனைக் குறையென்று சொல்லேன். பாரத்தை விட்டவர் அதற்கு ஈடாக ஒன்றைப் பெற்றார்: சுவர் முழுவதும் சாளரமாகிவிட்டது. இஸ்பஹானில் குவிமாடத்தின் அடியிலுள்ள பின்னல் சாளரங்கள் வழியே அளந்து விடப்பட்ட ஒளி, இங்கே அளவின்றிப் பொழிகிறது.

என் மனத்தை உறுத்தியது வேறொன்று. அப்பள்ளிவாசலின் வாயில் நகரச் சதுக்கத்தை நோக்கியது. கிப்லாவோ அதற்குக் கோணலாக அமைந்தது. ஆகவே வாயிலிலிருந்து ஓர் இருண்ட நடைவழி திரும்பித் திரும்பிச் சென்று, இறுதியில் நம்மை மிஹ்ராபுக்கு நேரெதிரே ஒளியில் நிறுத்துகிறது. அங்கே வளைவு என்பது திசை காட்டுவதற்காக. ஒளிக்கூடத்திலும் அதே மங்கிய வழி, அதே திருப்பம், அதே திடீர் வெளிச்சம். ஆனால் ஒவ்வொரு திருப்பமும் நம் திசையைக் கவர்ந்துகொள்கிறது. மூன்று முறை திரும்பினால் வந்த வழி மறந்துபோகும். மஸ்ஜிதின் உடலை எடுத்துக்கொண்டு அதன் நோக்கை விட்டுவிட்ட கட்டிடம் இது. பொதுத் திடலில் எல்லாச் சமயத்தார்க்கும் எழுப்பும் ஒன்று அப்படித்தான் இருக்க முடியும். தாய் கூப்பிட்டால் கேட்கும் தொலைவில் வழி தவறிப்போகும் இன்பத்தைக் குழந்தைகளுக்கு அது அளிக்கிறது என்பதும் உண்மை. ஆனால் விழா அறிவிப்புகளிலும் செய்தியேடுகளிலும் இதனை எளிதாகப் 'பள்ளிவாசலைப் போன்றது' என்று எழுதிவிடுவோர்க்கு இவ்வேறுபாடு தெரிந்திருத்தல் நன்று. இஸ்லாமியக் கட்டிடக்கலை என்றாலே குவிமாடமும் பூவேலையும்தான் என்பாரிடம், கீழக்கரையின் பழைய ஜும்ஆப் பள்ளிவாசலில் கற்றூண்கள் தாங்கும் தட்டைக் கூரையைக் காட்டத் தோன்றுகிறது.

காற்றுக் கட்டிடத்தைப் புகழ்ந்து எழுதுவோர் சொல்லாமல் விடக்கூடாத செய்தி ஒன்றுண்டு. மோரிஸ் ஏகிஸ் என்னும் மற்றொரு கலைஞர் இதே இனத்தைச் சார்ந்த 'டிரீம்ஸ்பேஸ்' என்னும் பெரும் நிறக்கூடத்தை உருவாக்கினார். 2006 ஜூலை 23 அன்று, வட இங்கிலாந்தின் செஸ்டர்-லி-ஸ்ட்ரீட்டில், மக்கள் உள்ளே இருக்கும்போதே அது தரையினின்று பெயர்ந்து காற்றில் எழுந்தது. பெண்கள் இருவர் உயிரிழந்தனர், பலர் காயமுற்றனர், அவர்களுள் ஒரு சிறு குழந்தையும் அடங்கும். பாதுகாப்புச் சட்டத்தை மீறியதாக 2009இல் ஏகிஸ் குற்றவாளியெனத் தீர்ப்பாயிற்று. நிறத்தையும் வடிவையும் ஆராயும் விமர்சனம், தரையில் அறைந்த முளையையும் கயிற்றையும் ஆராய வேண்டாமா? தூண் நின்று தாங்கும் வேலையை இங்கே கயிறு செய்கிறது. பிள்ளைகளை உள்ளே அழைக்கும் கலைஞனிடம் பெற்றோர் ஒப்படைப்பது ஓர் அமானிதம். பார்க்கின்சனின் கூடங்களில் ஒரு நேரத்தில் குறிப்பிட்ட தொகையினரையே அனுமதிப்பதும், காற்று மிகுந்தால் மூடிவிடுவதும் ரசிகர்க்கு எரிச்சலூட்டலாம். வரிசையில் நெடுநேரம் நின்று மூடிய வாயிலைக் கண்டு திரும்புவோரின் முணுமுணுப்பை நானும் கேட்டேன். அந்த மூடிய வாயிலையும் படைப்பின் ஒரு பகுதியாகவே நான் கொள்கிறேன்.

குறையென்று சொல்வதானால் உள்ளே ஒலிக்கும் இசையைச் சொல்வேன். ஒளி தானே பேசும் இடத்தில் அது மிகை. கைப்பேசியை உயர்த்திப் பிடித்தபடி அறைக்கு அறை விரையும் பெரியவர்கள் கலைஞரின் பொறுப்பல்லர். அவர்களைப் பற்றி எழுதிப் பயனில்லை.

வாய்ப்புக் கிடைப்போர் பிள்ளைகளோடு சென்று காண்க. மேகங்கள் ஊரும் நண்பகலே ஏற்ற பொழுது. ஓரிடத்தில் அமர்ந்து, ஒரு மேகம் முழுதாகக் கடந்துபோகும் வரை காத்திருங்கள். பொழுது சாய்ந்தபின் செல்ல வேண்டாம். சூரியன் இறங்கிவிட்டால் அங்கே எஞ்சுவது பிளாஸ்டிக்கும் விசிறியின் இரைச்சலுமே.