தடை செய்யப்பட்ட நூல்களும் செக் மொழியின் அளவுகோலும்

செக் தேசிய மறுமலர்ச்சியைப் பேச வருவோர் பெரும்பாலும் கவிஞர்களில் தொடங்குவார்கள். முதல் மரியாதை ஒரு நூலகருக்குச் சேர வேண்டும் என்பது என் கட்சி. பிராகா நகரின் ஸ்டிரகோவ் மடத்துத் துறவி கரெல் ரஃபாயெல் உங்கார் 1780-இல் கிளெமென்டினம் நூலகப் பொறுப்பை ஏற்றார். மறு ஆண்டே செக் நூல்களுக்கென்று தனித்தொகுப்பு அமைத்து, லத்தீனில் ‘தேசிய நூலகம்’ என்று பெயரிட்டார். ஆட்சி வியன்னாவின் ஹப்ஸ்பர்க் மன்னர்களிடம் இருந்த காலத்தில் துணிச்சலான பெயர்தான். 1782 முதல் பிராகாவில் அச்சான நூல்களின் படிகள் அங்கே சேரலாயின. பேரரசர் இரண்டாம் யோசேப்பு மூடிய மடங்களின் ஏடுகளும் வந்தன.

முந்தைய தலைமுறைகளின் நிலை வேறு. 1620-இல் வெள்ளை மலைப் போரில் செக் நாடான போஹிமியாவின் பிரபுக்கள் தோற்ற பிறகு, சீர்திருத்தச் சபையினரின் செக் நூல்கள் வேட்டையாடப்பட்டன. இயேசு சபையின் கொனியாஷ் பாதிரியார் 1729-இல் விலக்க வேண்டிய நூல்களின் பட்டியலையே அச்சிட்டார். அதே சபையைச் சேர்ந்த பால்பின் அவருக்கும் முன்னால் செக் மொழிக்காக வாதாடியவர். அவ்வாறு வாதாடி அவர் எழுதிய நூல் 1775-இல்தான் அச்சேறியது. போஹிமியப் புலவர்களைப் பற்றி அவர் எழுதியதைப் பதிப்பித்தவர் உங்கார்.

அடுத்தவர் டொப்ரோவ்ஸ்கி, இவரும் பாதிரியார். 1809-இல் செக் இலக்கணத்தை ஜெர்மனில் எழுதினார். எது நல்ல செக் என்பதற்கு அவர் கைகாட்டியது பதினாறாம் நூற்றாண்டு உரைநடையை, குறிப்பாகக் கிராலிட்சே விவிலியத்தை. அவருடைய கத்தோலிக்கத் திருச்சபையே புறந்தள்ளிய, சீர்திருத்தச் சபையினரின் நூல் அது! இடைப்பட்ட இருநூறு ஆண்டுகளில் பேச்சு வெகுதூரம் நகர்ந்துவிட்டது. அதை அவர் கணக்கில் எடுக்கவில்லை. இன்றும் செக் மக்கள் எழுதுவது ஒரு விதம், வீட்டில் பேசுவது இன்னொரு விதம். தமிழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

யாப்பில் சொல்லழுத்தமே அடிப்படை என்றார் டொப்ரோவ்ஸ்கி. கவிஞர் புக்மாயெரின் அணியினர் அவ்வழியே பாடினர். 1818-இல் இளம் அறிஞர்கள் பலாட்ஸ்கியும் ஷஃபாரிக்கும் குறில் நெடில் அளவே சரி என்று எதிர்த்தார்கள். மொழியறிஞர் யுங்மனின் அணியோ போலிஷ், ரஷ்ய மொழிகளிலிருந்து சொற்களை எடுத்தும் புதிதாய் ஆக்கியும் மொழியை விரித்தது. அவருடைய ஐந்து தொகுதி அகராதி 1834 முதல் 1839 வரை வந்தது.

டொப்ரோவ்ஸ்கியின் அளவுகோலுக்கு வந்த சோதனை ஒரு கையெழுத்துப்படி. 1818-இல் அனுப்பியவர் பெயரின்றி வந்த ‘பழம்பாடல்’ ஏட்டைப் போலி என்று 1824-இல் டொப்ரோவ்ஸ்கி அச்சில் அறிவித்தார். சந்தேகம் விழுந்தது அவர் மாணவரும் தேசிய அருங்காட்சியக நூலகருமான ஹங்கா மீது. தேசபக்தர்கள் டொப்ரோவ்ஸ்கியைத்தான் வைதார்கள். 1886-இல் மொழியறிஞர் கெபவுவரும் தத்துவப் பேராசிரியர் மசாரிக்கும் அவ்வழக்கை மீண்டும் எடுத்தபோது, அவர்களுக்கும் அதே வசவுதான்.