விபூதியும் வெளிமானும்

பார்த்துவிட்டேன்! ஐந்தாவது ஞாயிற்றுக்கிழமை, காலை 6.10 மணிக்கு, அடையாறில் பார்த்துவிட்டேன். இரண்டு கிரிக்கெட் பிட்ச்சை நீளவாக்கில் போட்டால் எவ்வளவு தூரம் வருமோ, அவ்வளவு தூரத்தில் நின்றது. முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், தலையில் முறுக்கிப் பிழிந்த மாதிரி இரண்டு கொம்பு. ஆண் வெளிமான்!

அன்றிலிருந்து யாரைப் பார்த்தாலும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எங்கள் மயிலாப்பூர் மாடவீதியில் காய்கறி விற்கும் அம்மாவிடமும் சொன்னேன். “ஐஐடி உள்ள மானா? அதான் எக்கச்சக்கமா திரியுதே” என்று கத்தரிக்காயை நிறுத்துப் போட்டார். அம்மா, நீங்கள் சொல்வது புள்ளிமான். அது ஹாஸ்டல் வாசலிலேயே படுத்திருக்கும். சைக்கிள் மணி அடித்தால் ‘என்ன அவசரம்’ என்பதுபோல் எழுந்து போகும். நான் தேடியது வேறு.

வெளிமானுக்குப் புல்வாய், இரலை, திருகுமான் என்றும் பெயர்கள் உண்டு. சொல்லப்போனால் அது மானே இல்லை. புள்ளிமானின் கொம்பு கிளை விடும். ஆண்டுக்கு ஒருமுறை உதிர்ந்து, வெல்வெட் போர்த்திக்கொண்டு மறுபடி முளைக்கும். வெளிமானின் கொம்போ ஆடு மாடுகளுடையதைப் போல ஆயுசுக்கும் ஒன்றுதான். கிளை கிடையாது, முறுக்கு மட்டும்தான். அதற்கு மரமடர்ந்த காடும் வேண்டாம். நாலாபுறமும் கண்ணுக்கெட்டும் புல்வெளி வேண்டும். வெளியில் வாழ்வதால் வெளிமான். பெயர் வைத்தவர் வாயில் சர்க்கரை போடவேண்டும்.

இந்தப் பைத்தியம் பிடித்ததற்குக் காரணம் கொலராடோவில் இருக்கும் என் சித்தப்பா மகன். போன வருஷம் அவன் முதன்முதலாக வேட்டைக்குப் போனான். அங்கே ‘மியூல் டியர்’ என்றொரு மான். கோவேறு கழுதைக்கு இருப்பதுபோல் பெரிய காதுகள். மிரண்டால் நாலு காலையும் ஒன்றாக ஊன்றிப் பந்துபோல் துள்ளிப் போகும். லைசென்ஸ் எடுத்து, சீசனுக்குக் காத்திருந்து, மாதக்கணக்கில் மலைச்சரிவுகளில் பைனாகுலரோடு உட்கார்ந்து வேவு பார்த்திருக்கிறான். கடைசியில் சுட்டானா என்று கேட்டேன். “அது கெடக்கட்டும்டா, வேவு பார்த்த கதையைக் கேளு” என்று ஒன்றரை மணிநேரம் பேசினான். தண்ணீர் எங்கே, படுக்கை எங்கே, காற்று எந்தப் பக்கம் என்று ஒரே பேச்சு. துப்பாக்கி கதையில் வரவே இல்லை!

போனை வைத்ததும் தோன்றியது: துப்பாக்கி இல்லாத அந்தப் பாதி வேட்டையை நான் ஏன் இங்கேயே ஆடக்கூடாது? மீதிப் பாதியை இங்கே நினைக்கவும் கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு வெளிமான். வேட்டையாடினால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. எனக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. அக்கா குடும்பம் ஐஐடி வளாகத்துக்குள் குவார்ட்டர்ஸில் இருக்கிறது. ஞாயிறுதோறும் விருந்தாளியாகப் போகலாம், சாலையையும் மைதானத்து ஓரத்தையும் விட்டு இறங்காமல் நடக்கலாம். வேறென்ன வேண்டும்?

முதலில் வேஷம். மண் நிறத்தில் ஒரு சட்டை தேடி தி.நகர் முழுக்க அலைந்தேன். ரங்கநாதன் தெருவில் ஒரு கடைக்காரத் தம்பி, “சார், இந்தக் கலரை யாருமே எடுக்க மாட்டாங்க, அதான் உள்ள போட்டுட்டோம்” என்று தூசி தட்டி எடுத்துக் கொடுத்தான். பெருமிதத்தோடு அதைப் போட்டுக்கொண்டு, கீழே வழக்கமான நீல ஜீன்ஸ். அந்தக் கூத்தைப் பிறகு சொல்கிறேன்.

முதல் ஞாயிறு, இட்லி சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்குப் போனேன். ஒன்றுமில்லை. வெயில் ஏறினால் அவை நிழலுக்கு ஒதுங்கிவிடும் என்பதே அப்போது எனக்குத் தெரியாது.

இரண்டாவது ஞாயிறு ஐந்தரைக்கே ஆஜர். தூரத்தில் நான்கு பெண்மான்கள், செம்மண்ணும் தேனும் கலந்த நிறம். மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்றடி வைத்திருப்பேன், போயே போய்விட்டன. அத்திம்பேரிடம் புலம்பினேன். அவர் என் காலைப் பார்த்தார். “ஆரஞ்சு, செகப்பெல்லாம் அதுகளுக்கு நம்மளாட்டம் தெரியாதுடா. நீலம் ஜோராத் தெரியும். நீ நீலத்துல வந்து நின்னா?” என்றார். குளம்புள்ள விலங்குகளின் கண் பெரும்பாலும் அப்படித்தானாம். அமெரிக்க வேட்டைக்காரர்கள் ஒருவரையொருவர் சுட்டுவிடாமல் இருக்கப் பளீர் ஆரஞ்சு உடுத்துவதன் சூட்சுமமும் இதுதான். நிறத்தையாவது மன்னித்தாலும் மன்னிக்கும், அசைவை மன்னிக்கவே மன்னிக்காது என்பது அவருடைய இரண்டாவது பாடம்.

மூன்றாவது ஞாயிறு காக்கி பேண்ட், ஆமை நடை. இன்னும் கிட்டே போகவே இல்லை, அதற்குள் ஒரு பெண்மான் தலை தூக்கி மூக்கை விடைத்தது. ஒன்று ஆளுயரத்துக்கு எம்பியது. பின்னாலேயே எல்லாம் எம்பின. என்னைப் பார்க்கவில்லை, கேட்கவில்லை. மோந்துவிட்டன!

அன்றைக்குத்தான் காற்று வாட்டம் என்ற சொல்லுக்கு எனக்கு அர்த்தம் புரிந்தது. காற்று நம்மிடமிருந்து மிருகத்தை நோக்கி வீசினால் நாம் கார்டு கொடுத்து அனுப்பிய மாதிரி. ஆனி, ஆடியில் சென்னையில் விடியற்காலை மேல்காற்றுதான். மேற்கிலிருந்து நிலத்துக் காற்று கடலுக்குப் போகும். மதியத்தை ஒட்டிக் கடல்காற்று உள்ளே நுழைந்ததும் எல்லாம் தலைகீழ். நாற்பது வருஷமாக இந்த ஊரில் ‘இன்னிக்கு கடல்காத்து லேட்’ என்று விசிறிக்கொண்டே பேசியிருக்கிறேன். அது ஒரு மிருகத்தின் உயிர் சம்பந்தப்பட்ட செய்தி என்று தோன்றியதே இல்லை. காலையில் கிழக்கே இருந்து மேற்கே பார்த்துப் போகவேண்டும். சூரியனும் என் முதுகுப் பக்கம் இருக்கும். மானின் கண்தான் கூசும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்!

கொலராடோவில் காற்றைப் பார்க்க ஒரு சின்ன பாட்டிலில் மாவு வைத்திருப்பார்களாம். நான் சட்டைப் பையில் கை விட்டேன். கபாலி கோயில் விபூதிப் பொட்டலம் இருந்தது. ஒரு சிட்டிகை எடுத்து விரல் நுனியில் விட்டேன். மெல்லிய வெள்ளைப் புகையாகக் கிளம்பி, நேராகக் கிழக்கே போயிற்று. இதைவிட உசத்தியான கருவியை எந்தக் கம்பெனியும் செய்துவிட முடியாது.

நான்காவது ஞாயிறு மானைத் தேடவே இல்லை. தடம் மட்டும் பார்த்தேன். ஈரமண்ணில் குளம்படிகள், கூரான முனையோடு இரண்டு பிளவு. மைதானத்து ஓரம் ஒரே இடத்தில் குவிந்து கிடந்த புழுக்கை. மேலே பச்சையாக, அடியில் காய்ந்து வெளுத்து. ஆகா! ஆண் வெளிமான் தன் எல்லைக்குள் குறிப்பிட்ட இடங்களுக்கே திரும்பத் திரும்ப வந்து புழுக்கை போடும். ‘இது என் பட்டா நிலம்’ என்று அர்த்தம். கண்ணுக்குக் கீழே இருக்கும் சுரப்பியைப் புல்லிலும் குச்சியிலும் தேய்த்து வாசனையையும் விட்டுவைக்கும். ஒரு புழுக்கைக் குவியலைப் பார்த்து மனுஷன் இத்தனை சந்தோஷப்படுவானா? பட்டேன். அங்கே இருந்த செக்யூரிட்டி அண்ணன், “என்ன சார், எதாவது தொலைச்சுட்டீங்களா?” என்றார். “கிடைச்சிடுச்சுண்ணே!” என்றேன்.

ஐந்தாவது ஞாயிறு. விபூதி கிழக்கே போனது. நான் கிழக்கு ஓரத்தில் வேலி நிழலில் குப்புறப் படுத்துக்கொண்டேன். புல்லின் ஈரம் சட்டையில் ஏறியது. கொசு என் காதுமடலைக் குத்தகைக்கு எடுத்திருந்தது. அடிக்கக்கூடாது; அசைவு. ஐந்து பெண்மான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. அந்த நேரம் பார்த்து ஒரு ஆள்காட்டிக் குருவி என் தலைக்குமேல் வட்டமடித்து ஊரைக் கூட்டியது. அதற்கு ஏன் அந்தப் பெயர் என்று படுத்துக் கிடந்தால்தான் தெரியும்! ஐந்து தலைகளும் ஒருசேர நிமிர்ந்தன. பத்துக் காதுகள் என் பக்கம். நான் கல். நெஞ்சு மட்டும் மிருதங்கம். எவ்வளவு நேரமோ, குருவிக்கு அலுத்துவிட்டது. ஒரு தலை குனிந்தது. இன்னொன்று. மறுபடி புல் அறுபடும் சத்தம்.

அப்போதுதான் அவன் வந்தான். மரநிழலிலிருந்து வெளியே, தன் புழுக்கைக் குவியலை நோக்கி. மூக்கை வானத்துக்குத் தூக்கி, கொம்பு இரண்டும் முதுகில் படும்படி தலையைச் சாய்த்து, காதைத் தொங்கவிட்டு, விறைத்த நடை. பெண்களிடம் பவுசு காட்டும் நடை அது. என் பின்னால் இருந்து வந்த வெயில் அந்தக் கொம்பின் வளையம் வளையமான வரிகளில் விழுந்தது. உயரம் பார்த்தால் ஒரு பெரிய ஆட்டின் உயரம்தான். ஆனால் அந்த மைதானம் முழுக்க அவனைத் தவிர வேறொன்றும் இல்லாத மாதிரி இருந்தது. தேவைப்பட்டால் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடக்கூடியவன், ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் ராஜநிதானம் காட்டினான்.

பதினொரு படம் எடுத்தேன். ஒன்பதில் புல். ஒன்றில் ஒரு காது. ஒன்றில் அவன், கொஞ்சம் கலங்கலாக. போதும்! இதே மயிலாப்பூரில் வாழ்ந்த மா. கிருஷ்ணன் நினைவுக்கு வந்தார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 1912-இல் பிறந்தவர், 1950 முதல் 1996-இல் இறக்கும்வரை ஒரே பத்திரிகையில் இயற்கை பற்றிப் பத்தி எழுதியவர். பல பாகங்களை ஒட்டவைத்துத் தானே ஒரு கேமராவை உருவாக்கி, அதற்கு ‘சூப்பர் பாண்டரோஸா’ என்று கிண்டலாகப் பெயரும் வைத்து, கறுப்பு வெள்ளையில் காட்டைப் பிடித்தார். என் போனை அவர் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ, நினைக்கவே கூச்சமாக இருக்கிறது.

அந்த மைதானத்து மண்ணுக்கும் ஒரு வேட்டைக் கதை உண்டு. கிண்டிக் காடு வெள்ளைக்காரர் ஒருவரின் வேட்டைக் காடாக இருந்தது. 1821-இல் அரசு அதை 35,000 ரூபாய்க்கு வாங்கியது. அப்போது 505 ஹெக்டேர். 1910-இல் காப்புக்காடானது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்தது: தலைவர்களின் நினைவிடங்கள், 1959-இல் ஐஐடி, இன்னும் பல. எஞ்சிய சுமார் 2.7 சதுர கிலோமீட்டர் 1978-இல் தேசியப் பூங்காவானது. பத்திரத்தில் பிரிந்ததே ஒழிய மானுக்கு அது ஒரே காடாகத்தான் இருந்திருக்கும். சென்னை இயற்கையாளர் சங்கம் தொடங்கியதும் அதே 1978-இல்தான். அவர்கள் தங்கள் இதழுக்கு வைத்த பெயரே வெளிமானின் ஆங்கிலப் பெயர். ஒரு காலத்தில் துப்பாக்கியோடு மனிதர்கள் படுத்துக் கிடந்த அதே காட்டின் ஒரு துண்டில் நான் விபூதிப் பொட்டலத்தோடு படுத்திருந்தேன். நினைக்க நினைக்க இனிக்கிறது.

உங்களுக்கும் ஆசை வந்தால் ஒன்றே ஒன்று: பிஸ்கட், பழம் என்று எதையும் நீட்டாதீர்கள், பிளாஸ்டிக் கவரைக் கீழே விடாதீர்கள், ஓடவிட்டுப் படம் எடுக்காதீர்கள். வளாகத்துக்குள் ஆள் தெரியாவிட்டாலும் குறையில்லை. கோடியக்கரையில் புல்வெளி பரந்து கிடக்கிறது, தூத்துக்குடிப் பக்கம் வல்லநாட்டுக் குன்று வெளிமானுக்காகவே 1987-இல் சரணாலயமானது.

அன்று வீடு திரும்பி என் அம்மாவிடம் சொன்னேன். அவள் ஒரு நிமிஷம் யோசித்து, “உன் பூணூல் கல்யாணத்துல பூணூல்ல கோத்துக் கட்டினாளே துளியூண்டு தோல், அது இந்த மான்தாண்டா” என்றாள். கிருஷ்ணாஜினம்! ஏழு வயதில் மார்பில் உரசி அரித்தது ஞாபகம் இருக்கிறது. எந்த மிருகம் என்று அன்றைக்கு நான் கேட்கவும் இல்லை, யாரும் சொல்லவும் இல்லை.

சாயங்காலம் கோயிலுக்குப் போனேன். கோபுரத்துச் சுதையில், சிவன் கையில் துள்ளும் மானை அண்ணாந்து பார்த்தேன். இத்தனை வருஷமும் அது மழுவுக்கு ஜோடியாக ஒரு கைப்பொருள், அவ்வளவுதான். இப்போது அதன் காது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று தேடுகிறேன். விபூதி வாங்கிப் பொட்டலம் மடிக்கும்போது இன்னொன்றும் உறைத்தது. வாயு பகவானுக்கு வாகனம் மான்! சின்ன வயதில் படத்தில் பார்த்து, ‘காற்றுக்குக் குதிரையைக் கொடுத்திருக்கலாமே’ என்று நினைத்திருக்கிறேன். காற்றுக்கு மானை வாகனமாகக் கொடுத்தவர் யாரோ, அவரும் என்றைக்கோ ஒரு விடியலில் ஈரப் புல்லில் குப்புறப் படுத்துக் கிடந்தவராகத்தான் இருக்கவேண்டும்.